பாட்டுக்கும் கூலி உண்டு

உழைத்தவருக்கே உழைப்பின் பயன் சேர வேண்டும் என்பது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டிய பாடமன்று. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, தம் நிரையில் உள்ள மரங்களை ஒன்று விடாமல் வெட்டி, மங்குகளில் ஊறிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வந்து நிறுவையில் வைக்கும் தொழிலாளி, தம் பெயருக்கு நேரே சரியான எடை எழுதப்படுகிறதா என்று கூர்ந்து பார்ப்பார். அவ்வாறு பார்ப்பது அவருடைய உரிமை. ஆயினும், மாலையில் கைப்பேசியைக் கையில் எடுத்ததும் நாம் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோமோ என்று எண்ண வேண்டியிருக்கிறது. பிறர் படைத்த பாடலையும் படத்தையும் நூலையும் விலை கொடாமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது முறையா? இம்மாதப் பாடத்தில் நாம் ஆராயப்போவது இக்கேள்வியைத்தான்.

லோபாக்கில் கேட்ட பாடல்

சிரம்பான் நகரைச் சேர்ந்த லோபாக் பகுதியில் நடந்த ஒரு கோயில் திருவிழாவுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பல வந்திருந்தன. பூசை முடிந்து உணவு பரிமாறும் வேளையில் ஒலிபெருக்கியில் ஒரு தமிழ்ப் பாடல் ஒலித்தது. பால்மரக் காட்டின் விடியற்காலையைப் பற்றிய பாடல் அது. இளைஞர்கள் உடன் பாடினார்கள். குழந்தைகளுக்கும் அது மனப்பாடமாக இருந்தது. “யார் பாடியது?” என்று அருகில் இருந்தவரைக் கேட்டோம். “தெரியாது ஐயா, கைப்பேசியில் வந்தது. இங்கே எல்லாரிடமும் இருக்கிறது” என்றார்.

அதைப் பாடியவர், மூன்று வரிசைக்கு அப்பால் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். செனவாங்கில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் அவர். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து அந்தப் பாடலை எழுதி, இசையமைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்திருக்கிறார். செலவில் பெரும்பகுதி, பால்வெட்டுத் தொழிலாளியான அவருடைய தாயார் எடுத்துக் கொடுத்த கூட்டுப் பணம். பாடலை இணையத்தில் விற்பனைக்கு வைத்த மூன்றாம் நாள், யாரோ ஒருவர் அதை இறக்கிப் புலனக் குழு ஒன்றில் போட்டுவிட்டார். அதன்பின் பாடல் தோட்டம் தோட்டமாகப் பரவியது. காசு கொடுத்து வாங்கியவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. இரண்டாவது பாடலுக்கு எழுதிவைத்த வரிகள் இன்னும் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

“ஊரெல்லாம் உங்கள் பாட்டைப் பாடுகிறதே, மகிழ்ச்சியில்லையா?” என்று கேட்டோம். அவர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. தாயார்தான் சொன்னார்: “நான் வெட்டிய பாலை நிறுக்காமலே லாரியில் ஏற்றிவிட்டு, ‘அம்மா, உங்கள் பால் மிக நல்ல பால்’ என்று சொன்னால், என் அடுப்பு எரியுமா ஐயா?”

அந்த அம்மையார் கேட்ட கேள்வியே இப்பாடத்தின் மையக் கருத்து.

திருட்டும் நகலும் ஒன்றா?

நேர்மையாக ஆராய்வதாயின், முதலில் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருடைய நிரையிலிருந்து கட்டிப்பாலை இரவில் எடுத்துச் சென்றால், காலையில் அவருடைய மங்கு வெறுமையாக இருக்கும். பாடலை நகலெடுத்தால் மூலப் பாடல் குறைந்துபோவதில்லை. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றுவதுபோல, ஆயிரம் பேர் எடுத்தாலும் முதல் விளக்கின் ஒளி மங்காது. “அப்படியிருக்க இது எவ்வாறு குற்றமாகும்?” என்று இளைஞர்கள் கேட்பது இதனால்தான். கேள்வி நியாயமானது. விடையை நம் பால்மரத்திடமே தேடுவோம்.

நம் நாட்டில் பரவலாக நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரப்பர் இனத்தை மூத்த தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். 1925 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய இனம் அது. ஜாவாவிலிருந்து வந்த சிர் 1 என்ற மரத்தையும், பிராங் புசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. 86 என்ற மரத்தையும் இணைத்து அதைப் பெற்றார்கள். அந்தப் பிராங் புசார் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கிறது. கையால் மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, நாற்று வளர்த்து, ஆண்டுக்கணக்கில் பாலை அளந்து, நோய்க்குத் தாங்குமா, காற்றுக்கு நிற்குமா என்று பார்த்த பின்னரே ஓர் இனம் தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கப்படும். பயன்படாதென்று கழிக்கப்பட்ட நாற்றுகளோ எண்ணற்றவை.

ஆனால் நல்ல இனம் ஒன்று கிடைத்துவிட்டால், அதை நகலெடுப்பது எளிது. ஒட்டுக்கட்டும் தொழிலாளி தாய்மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து, நாற்றின் பட்டையைக் கீறி, உள்ளே பொருத்திக் கட்டுகிறார். சில நிமிட வேலை. அதிலிருந்து வளர்வது தாய்மரத்தின் குணம் மாறாத இன்னொரு மரம். தாய்மரமும் குறைந்துபோவதில்லை.

முதல் மரத்துக்குப் பல்லாண்டு உழைப்பு. அடுத்த மரத்துக்கு ஒரு மொட்டு. பாடலும் படமும் நூலும் இத்தகையனவே. முதல் பிரதியில்தான் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. நகலுக்குச் செலவில்லை என்பதைக் கண்டு, படைப்புக்கே செலவில்லை என்று எண்ணுவது நம் பிழை.

அப்படியானால், அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர் யார்? ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதிக்கப்பட்ட சிறிய தீர்வையிலிருந்து கழகத்துக்கு நிதி வந்தது. பலரிடமிருந்து சிறிது சிறிதாகப் பெற்ற பணம், சிலருடைய நீண்ட உழைப்புக்கு ஊதியமாயிற்று. விளைந்த பயன் நாடெங்கும் பரவியது. ஒரு பாடலுக்கு நாம் கொடுக்கும் சிறு தொகையும் அத்தகைய தீர்வையே. ஆளுக்குச் சில காசு சேர்ந்தால்தான் அடுத்த பாடல் பிறக்கும். நகல் இலவசமாகலாம், உழைப்பு இலவசமாகாது.

பாரதியார் பாடல்கள் பொதுவுடைமையான வரலாறு

“அப்படியானால் நல்ல பாடல்கள் எல்லாம் பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தானா?” என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு விடையாகத் தமிழர் வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

மகாகவி பாரதியார் 1921 ஆம் ஆண்டு சென்னையில் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவருடைய எழுத்து அவருக்குப் போதிய வருவாய் தரவில்லை. குடும்பம் வறுமையில் நின்றது. பின்னர் அவருடைய படைப்புகளின் உரிமைகள் கைமாறின. அச்சிடும் உரிமை ஒருவரிடமும், பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை இன்னொருவரிடமும் இருந்தன. இந்த இரண்டாம் உரிமையை விலை கொடுத்து வாங்கியிருந்தவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1948 இல் டி.கே. சண்முகம் நடித்து வெளிவந்த ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெற்றபோது, உரிமை பற்றிய வழக்குப் பிரச்சினை எழுந்தது.

மக்கள் கவியின் பாட்டைப் பாடுவதற்குத் தனியார் ஒருவரின் அனுமதி வேண்டுமா என்று எழுத்தாளர்களும் பொதுமக்களும் குரல் எழுப்பினார்கள். அப்போது சென்னை மாகாணத்தில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு இருந்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைக் கைம்மாறு கருதாமல் அரசிடம் ஒப்படைத்தார். நூல் உரிமை வைத்திருந்தவருக்கும், பாரதியாரின் துணைவியார் செல்லம்மாவுக்கும், அவர்களுடைய புதல்வியர் இருவருக்கும் அரசு பணம் வழங்கியது. 1949 இல் உரிமைகள் அரசின் கைக்கு வந்தன. 1955 இல் அவை மக்களின் பொதுச்சொத்தாயின. இன்று லோபாக் தமிழ்ப்பள்ளியில் ஒரு குழந்தை பாரதியார் பாடலைப் பாடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடல்கள் இலவசமாயின, ஆனால் யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. கவிஞரின் குடும்பத்துக்கு உரியது கொடுக்கப்பட்டது. உரிமை வைத்திருந்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். அதன் பின்னரே கதவு திறந்தது. தமிழ்நாட்டு அரசு அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர்களுடைய குடும்பங்களுக்குப் பரிவுத்தொகை வழங்கி வந்திருக்கிறது. ஒன்றைப் பொதுவாக்க விரும்பினால், உரியவருக்குக் கொடுத்துவிட்டுப் பொதுவாக்குவதே அறம்.

நாம் கேட்ட மறுமொழிகள்

லோபாக்கில் அன்று மாலை, கோயில் மண்டபத்தில் இளைஞர்கள் சிலருடன் இதைப் பற்றி உரையாடினோம். அவர்கள் எடுத்துரைத்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, “நடிகர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். நாம் ஒரு படத்தை இலவசமாகப் பார்த்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?”

நடிகருக்குக் குறையாமல் இருக்கலாம். ஆனால் ஒரு படத்தை நடிகர் மட்டும் எடுப்பதில்லை. விளக்குத் தூக்குவோர், தச்சர், தையற்காரர், சண்டைக் கலைஞர், நடனக் கலைஞர், வண்டியோட்டி, சமையற்காரர் என்று நூற்றுக்கணக்கானோர் உழைக்கிறார்கள். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் என்ற பெயரில் அவர்களுடைய சங்கங்கள் ஒன்றுபட்டு இயங்குகின்றன. நாம் 1954 இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் கண்டதுபோல, அவர்களும் தங்கள் கூலிக்காகச் சங்கம் கண்டவர்கள். படம் நட்டமடைந்தால், அடுத்த படம் தொடங்காமற் போனால், முதலில் வேலை இழப்பவர் அன்றாடக் கூலிக்காரரே.

இரண்டாவது, “நான் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே யாருக்கும் நட்டமில்லை.”

ஒருவரளவில் இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாரும் இதையே சொன்னால் வாங்குபவர் எவரும் இரார். சங்கச் சந்தாவைக் கட்டாமல் சங்கம் பெற்றுத் தந்த ஊதிய உயர்வை மட்டும் வாங்கிக்கொள்பவரை நாம் என்னவென்று சொல்வோம்? அவர் ஒருவரால் சங்கம் விழுந்துவிடாது. ஆனால் பிறர் கட்டிய சந்தாவின் நிழலில் அவர் நிற்கிறார். வாங்காத ஒருவர் கேட்காமலும் இருந்துவிட்டால் அதில் குற்றமில்லை. வாங்காமலே கேட்டு மகிழ்வதில்தான் முறைகேடு இருக்கிறது.

மூன்றாவது, “நான் விற்கவில்லையே, நண்பர்களுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்.”

முற்காலத்தில் ஒருவர் ஒலிநாடாவை நண்பருக்கு இரவல் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை அவரிடம் பாட்டு இராது. இன்று ஒரு பொத்தானைத் தட்டினால் இருநூறு பேர் கொண்ட குழுவில் இருநூறு நகல்கள். நோக்கம் நட்பாயினும், விளைவு கடை விரித்ததற்கு ஒப்பாகிவிடுகிறது.

நான்காவது, “எங்கள் ஊருக்கு அருகில் படக்கொட்டகை இல்லை, சம்பளமும் போதவில்லை.”

இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. எளிய மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தம் படைப்புகளைத் தருவது படைப்போரின் கடமை. அவ்வாறு தராதபோது மக்கள் குறுக்குவழி தேடுவது வியப்பன்று. ஆயினும் பாட்டும் படமும் அரிசி போன்றவையல்ல. சில மாதம் காத்திருந்தால் தொலைக்காட்சியில் வரும். நேர்வழி நீளமாயிருப்பது குறுக்குவழியை நேர்வழியாக்கிவிடாது.

களவின் பின்னே நிற்போர்

இலவசப் படம் தரும் தளங்களை நடத்துவோர் தரும சிந்தையுள்ளவர்கள் என்று எண்ணிவிடலாகாது. ‘தமிழ்ராக்கர்ஸ்’ என்ற பெயரைக் கேளாதவர் அரியர். புதிய படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, திரையிட்ட உடனேயே இணையத்தில் ஏற்றிவந்த தளம் அது. 2018 மார்ச்சில் கேரளக் காவல்துறையினர் அதன் தொடர்பில் தமிழ்நாட்டில் சிலரைக் கைது செய்தனர். தளங்கள் முடக்கப்படும், வேறு பெயரில் மீண்டும் தலைதூக்கும். விளம்பரங்களால் அவற்றுக்கு வருவாய் உண்டு. நாம் காசு கொடுக்கவில்லையே தவிர, பாட்டால் பிறர் காசு பெறவே செய்கிறார்கள். பெறாதவர் பாட்டைப் படைத்தவர் மட்டுமே.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. இத்தகைய தளங்கள் சில, படம் பார்ப்பதற்கு முன் ஏதேனும் ஒரு செயலியைக் கைப்பேசியில் ஏற்றச் சொல்லும். அதனுள் கெடுநிரல் ஒளிந்திருக்கக்கூடும். சம்பளம் வங்கியில் சேர்ந்து, வங்கிக் கணக்குக் கைப்பேசியில் இயங்கும் காலம் இது. இலவசப் படத்துக்காக மாதச் சம்பளத்தை இழக்கும் நிலை நமக்கு வேண்டாம்.

சட்டம் கூறுவது

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1987 டிசம்பர் 1 ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 1990 இல் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. எனவே இந்தியப் படமும் பாடலும் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. எழுத்தாளர் ஒருவரின் நூலுக்கு அவர் வாழும் காலமும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு.

திருட்டு நகல்களை விற்பவருக்கு நகல் ஒன்றுக்கு 2,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரவுச் சந்தையில் திருட்டு வட்டுகள் குவித்து விற்கப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. அத்தொழிலைக் கட்டுப்படுத்த 2000 ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. படக்கொட்டகைக்குள் படத்தைப் பதிவு செய்வது 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிக் குற்றமாக்கப்பட்டது. திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் பெட்டிகளையும் செயலிகளையும் விற்போருக்கு, 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதமும் இருபதாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. இந்தியாவும் 2023 இல் தன் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, இக்குற்றத்துக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை வகுத்தது.

விற்போர் மீதே கடுந்தண்டனைகள் குறிவைக்கின்றன என்பது உண்மை. ஆனால், வீட்டில் தனியே இறக்கி வைப்பவரை அதிகாரிகள் தேடி வருவதில்லை என்பதால் மட்டும் செயல் நேர்மையாகிவிடாது. அதே வேளையில், சட்டம் கல்விக்கு எதிரியன்று. தம் சொந்தப் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் ஒரு நூலிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள்வதற்கு அது இடமளிக்கிறது. திருவள்ளுவர் கள்ளாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். கள்ளம் முதலில் பிறப்பது உள்ளத்தில் என்பதே அவர் காட்டும் நெறி.

நேர்வழிகள் பல உண்டு

செலவின்றிப் படிக்கவும் கேட்கவும் முறையான வழிகள் இருக்கின்றன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பல தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைப் படிக்கலாம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம் இருக்கிறது. மின்னல் பண்பலையில் நாள்தோறும் பாடல்களைக் கேட்கலாம். கலைஞர்கள் தாமே நடத்தும் காணொளிப் பக்கங்களில் அவர்களுடைய பாடல்களைக் காசின்றிக் கேட்டாலும், பார்வை எண்ணிக்கை அவர்கள் கணக்கில் சேரும். அந்த எண்ணிக்கைதான் அவர்களுடைய நிறுவைத் தராசு. பாடலைப் பிறருக்கு அனுப்ப விரும்பினால், பாடலை அனுப்பாமல் அந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள். தராசில் எடை ஏறும்.

உள்நாட்டுக் கலைஞர்களை நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாழ்வைக் காட்டிய ‘ஜகாட்’, சஞ்சய் குமார் பெருமாளின் இயக்கத்தில் 2015 இல் வெளிவந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. நம் கதையை நாமன்றி வேறு யார் படமாக்குவார்? தமிழ்நாட்டுப் படத்துக்கு உலகெங்கும் சந்தை உண்டு. நம் படத்துக்கும் பாட்டுக்கும் உள்ள சந்தை நாம் மட்டுமே. நாம் கொடுக்காவிட்டால் கொடுப்பதற்கு வேறு ஆளில்லை.

முடிவாக

உரையாடல் முடிந்தபோது, திருவிழாக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து அந்த இளைஞரிடம் சென்றார். “தம்பி, உன் பாட்டை உன்னிடம் கேளாமலே போட்டுவிட்டோம். நாளை இரவும் போடலாமா?” என்று கேட்டார். இளைஞர் தலையசைத்தார். மறுநாள் இரவு பாடல் ஒலிப்பதற்கு முன், அதை எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் ஆகிய மூவரின் பெயர்களும் அறிவிக்கப்பட்டன. அதை எங்கே வாங்கலாம் என்பதும் சொல்லப்பட்டது. இதனால் அந்தத் தாயாரின் கூட்டுப் பணம் முழுவதும் திரும்பிவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பால் நிறுவைக்கு வந்துவிட்டது. எழுதவேண்டிய பெயருக்கு நேரே எழுதப்பட்டது.

வாசகர்கள் இல்லத்திலோ மாலை வகுப்பிலோ கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்:

1. கட்டிப்பால் திருட்டுக்கும் பாடலை விலை கொடாமல் நகலெடுப்பதற்கும் உள்ள ஒற்றுமை என்ன? வேற்றுமை என்ன?

2. பாரதியார் பாடல்கள் பொதுவுடைமையான முறையிலிருந்து நாம் கற்பது யாது?

3. உங்கள் கைப்பேசியில் உள்ள பாடல்களில் எத்தனைக்கு, அதைப் படைத்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?